மலைமேல் நோயாளி, கீழே மயக்க மருத்துவர்: பித்தப்பை அறுவைக்கு முன் காணொளிப் பரிசோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

வியாழக்கிழமை காலை நடந்திருக்க வேண்டிய பித்தப்பை அறுவை சிகிச்சை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. சுவாசப்பாதையும் இதயமும் பதினாறு நாள் முன்பே காணொளி வழியாக அலசப்பட்டு, மயக்க மருந்துத் திட்டம் தயாராக இருந்தது. தேதியைத் தள்ளிப்போட வைத்தது ஒரு சர்க்கரை மாத்திரை. காணொளி நாளில் அது நோயாளியின் வீட்டிலேயே இல்லை.

இங்கே வருபவர் தனி ஒருவர் அல்லர். மலைப்பகுதியிலிருந்து கோயம்புத்தூருக்கு அறுவைக்கு வருவோரிடம் அடிக்கடி காணும் விவரங்களைக் கோத்து, விவாதத்துக்காக அமைத்த நிகழ்வு இது. மருந்தளவுகள், வரம்புகள், மதிப்பெண் முறைகள் எல்லாம் நடைமுறையில் உள்ளவையே.

நோயாளி

58 வயதுப் பெண். வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாகச் சாப்பாட்டுக்குப் பின் வலது மேல்வயிற்றில் வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய், ஆறு வருடமாக ரத்த அழுத்தம். உயரம் 152 செ.மீ., எடை 84 கிலோ. உடல் நிறைக் குறியீடு 36.4.

வால்பாறையிலிருந்து கோயம்புத்தூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆழியாறு வரை மட்டும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மயக்க மருத்துவரைப் பார்க்க ஒரு தடவை, அவர் கேட்கும் எக்கோ எனும் இதய ஸ்கேனுக்கு இன்னொரு தடவை, முடிவைக் காட்ட மூன்றாவது தடவை என்று இறங்கி ஏறுவது வழக்கம். ஒவ்வொரு தடவையும் கூட வரும் மகளுக்கு ஒரு நாள் கூலி போகும். பலர் இதற்கு அஞ்சியே முன்பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு அறுவைக்கு முதல் நாள் மாலையில் வந்து சேர்கிறார்கள். அன்று இரவு எதைக் கண்டுபிடித்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது. காணொளியின் முதல் பயன் இந்த இரண்டு வார அவகாசம்தான்.

மறுமுனையில் இருந்தவை

மருத்துவமனை பக்கத்தில் எவ்வளவு விலையுயர்ந்த திரை இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. நோயாளியின் பக்கத்தில் யார் இருக்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதே பரிசோதனையின் தரத்தை முடிவுசெய்கிறது. இங்கே உள்ளூர் சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். மேசையில் கைக்கணினி, டார்ச், இன்ச் டேப், எடைக்கருவி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், குளுக்கோமீட்டர், இரண்டு அளவில் ரத்த அழுத்தக் கைப்பட்டை. இணைய வேகம் இரு திசையிலும் வினாடிக்கு ஒரு மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் போதும். வேகம் ஏறி இறங்கினால் படம் உறைவதைவிடக் குரல் துண்டுபடுவதுதான் அதிகம் கெடுக்கும். அப்போது குரலைத் தொலைபேசிக்கு மாற்றிவிட்டுப் படத்தை மட்டும் திரையில் வைத்துக்கொள்ளலாம்.

கைப்பட்டை இரண்டு ஏன் என்பதற்கு இந்த நோயாளியே சான்று. சாதாரணப் பட்டையில் 168/94 காட்டியது. மேற்கையின் சுற்றளவு 36 செ.மீ. என்று டேப் சொன்னதும், பெரிய பட்டை போட்டு ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் அளந்தால் 148/86. பருமனான கையில் சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் விட்டிருந்தால் தேவையில்லாமல் இன்னொரு மாத்திரை சேர்ந்திருக்கும். அறுவை நாளில் அழுத்தம் விழுந்திருக்கும். ஆக்ஸிஜன் அளவும் முதலில் 91 என்றே வந்தது. மலைக்குளிரில் விரல் விறைத்திருந்தது. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, திரையில் அலை சீரானபின் ஒரு நிமிடம் காத்திருந்து பார்த்ததில் 95.

சட்டப்பக்கம் சுருக்கமாக: 2020 மார்ச் 25 அன்று வந்த இந்தியத் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதலின்படி நோயாளியே அழைத்தால் சம்மதம் உள்ளடங்கியது, சுகாதாரப் பணியாளரோ மருத்துவரோ தொடங்கினால் வெளிப்படையாகக் கேட்டுப் பதிய வேண்டும். இங்கே தொடங்கியவர் செவிலியர் என்பதால் சம்மதம் குரலில் கேட்டுப் பதிவானது. போதைப்பொருள், மனமயக்கி வகை மருந்துகளை இவ்வழியில் எழுதித்தர முடியாது. ஆகவே 'முந்தின இரவு தூங்க ஒரு அல்பிரசோலம்' என்ற பழைய வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. இந்த நோயாளிக்கு அது கொடுக்கவே கூடாத மருந்து என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

கேள்விகள்

உடல் உழைப்புத் திறனை மருத்துவர் தம் மனக்கணக்கில் மதிப்பிடுவது நம்பத்தக்கதல்ல. 2018-இல் வெளிவந்த மெட்ஸ் ஆய்வு, நான்கு மெட் அளவுக்கு (மாடிப்படி ஏறும் அளவு உழைப்பு) குறைவான திறன் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைத்தான் மருத்துவரின் ஊகம் அடையாளம் கண்டது என்று காட்டியது. டாஸி எனும் பன்னிரண்டு கேள்விப் பட்டியல் அதைவிட மேல். அதைக் காணொளியில் கேட்பதில் எந்தக் குறையும் வராது. ஆனால் கோல்ஃப், டென்னிஸ், பனிச்சறுக்கு என்று இருப்பதை அப்படியே கேட்டால் தோட்டத்து அம்மாவிடமிருந்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே வரும். மதிப்பெண் பொய்யாகக் குறையும். அதே அளவு உழைப்புள்ள உள்ளூர் வேலையாக மாற்றிக் கேட்க வேண்டும். 'லைன் வீட்டிலிருந்து மேலே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நிற்காமல் ஏறுவீங்களா அம்மா?' 'தண்ணிக் குடம் தூக்கிட்டு வருவீங்களா?' 'தரையைக் குனிஞ்சு தேய்ச்சுக் கழுவுவீங்களா?'

குளிப்பது, உடுத்துவது, வீட்டுக்குள் நடப்பது, சமதரையில் சிறிது தூரம், சமையல், கூட்டிப் பெருக்குவது ஆகியவற்றுக்கு ஆம். மேடேறுவதற்கும் அதற்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் இல்லை. கூட்டினால் 13.45. அதிகபட்ச மதிப்பெண் 58.2; 34-க்குக் கீழே என்றால் இதயச் சிக்கலுக்கான ஆபத்து கூடுகிறது. ஏன் ஏற முடியவில்லை என்று கேட்டதற்கு 'முட்டி வலி' என்றார். பின்னால் நின்ற மகள் குறுக்கிட்டு, 'முட்டி அப்புறம்தான் டாக்டர், பாதி வழியிலேயே மூச்சு வாங்குது' என்றார். காணொளியின் ஒரு நல்ல பக்கம் இது: நகரத்து வெளிநோயாளி அறைக்குள் மகளை விட்டிருக்க மாட்டார்கள்.

குறட்டையும் அப்படித்தான் வெளிவந்தது. தூக்கத்தில் மூச்சடைப்பை ஊகிக்க உதவும் எட்டு அம்ச ஸ்டாப்-பேங் கணக்கு: சத்தமான குறட்டை, பகலில் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பதை மகள் பார்த்தது, ரத்த அழுத்தம், 35-க்கு மேற்பட்ட உடல் நிறைக் குறியீடு, 50-ஐத் தாண்டிய வயது. கழுத்துச் சுற்றளவு 39 செ.மீ. என்பதால் அதற்கு மதிப்பெண் இல்லை. பெண் என்பதால் கடைசி மதிப்பெண்ணும் இல்லை. மொத்தம் 6, ஐந்தைத் தொட்டாலே அதிக ஆபத்து. தூக்கப் பரிசோதனைக்கு அனுப்ப நேரமும் வசதியும் இல்லாதபோது, ரத்தத்தில் பைகார்பனேட்டைப் பார்ப்பது எளிய துணைவழி: 28 அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இவருக்கு 26. ஆனாலும் மதிப்பெண் 6 என்பதால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மயக்கம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அல்பிரசோலம் கூடாது என்றதும் இதனால்தான்.

குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு நெடுநேரம் கண் விழிக்காமலோ மூச்சு வராமலோ போனதா என்ற கேள்வி கோயம்புத்தூர் வட்டாரத்தில் சடங்குக்கான கேள்வியல்ல. மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தும் சக்சினில்கோலினைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது ஆரிய வைசிய சமூகத்தில் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இவர் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை. இருபது வருடம் முன்பு கர்ப்பப்பை அறுவை முதுகில் ஊசி போட்டு நடந்தது, சிக்கலில்லை.

வாயும் கழுத்தும் கேமராவும்

சுவாசப்பாதைப் பரிசோதனை காணொளியில் முடியுமா என்ற ஐயம் இயல்பானது. 2013-இல் வெளியான அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழக ஆய்வில், வாய், தலை, கழுத்து அறுவைக்கு வந்தவர்களிடம் காணொளி மதிப்பீடும் நேர் மதிப்பீடும் இணையாகவே நின்றன. ஆனால் அந்த இணைநிலை படம் எடுக்கும் விதத்தைப் பொறுத்தது.

நோயாளியே கைபேசியைப் பிடித்தால் கை மேலே போகும், தலை பின்னால் சாயும். நாக்கும் அண்ணமும் அமைந்திருக்கும் கோணம் மாறிவிடும். முன்பக்கக் கேமராவை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகவும் தாடை சிறிதாகவும் தெரியும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வாய்க்குள் இருட்டு. எனவே செவிலியர் பின்பக்கக் கேமராவை உதட்டு மட்டத்தில், 30 முதல் 40 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும். டார்ச் கேமராவை ஒட்டியே இருக்க வேண்டும். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை நேராக வைத்து, வாயை முழுதாகத் திறந்து, நாக்கை முழுதாக நீட்ட வேண்டும். சத்தம் எழுப்பக் கூடாது. 'ஆ' என்று சொன்னால் அண்ணம் மேலேறி, மல்லம்பட்டி வகை (வாய்க்குள் எவ்வளவு தெரிகிறது என்பதை ஒன்று முதல் நான்கு வரை பிரிப்பது; நான்கு மிகக் கடினம்) உண்மையைவிட ஒரு படி நல்லதாகத் தெரியும். பழக்கதோஷத்தில் செவிலியர்களே 'ஆ சொல்லுங்க' என்பார்கள். முன்கூட்டியே சொல்லித் தடுக்க வேண்டும். ஓடும் காணொளியில் சிவப்பின்மேல் சிவப்பாக உள்நாக்கும் தூண்களும் கலங்கிவிடும். ஆகவே ஒரு நிழற்படம் எடுத்து அனுப்பச் சொல்வது கட்டாயம்.

இவருக்குக் காணொளியில் மல்லம்பட்டி மூன்று. பல வருடம் வெற்றிலை பாக்கு போட்டவர் என்பதால் வாய் திறப்பு முக்கியமாகப் பார்க்கப்பட்டது: வெட்டுப்பற்களுக்கிடையே டேப் வைத்து 3.8 செ.மீ. கன்னத்தின் உட்புறத்தில் வெண்ணிறப் பட்டைகள் இல்லை. கழுத்தை முழுதாக நிமிர்த்தி, தாடை நுனியிலிருந்து குரல்வளை மேடு வரை 6 செ.மீ.; 6.5-க்குக் கீழே. கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடித்து மூடச் சொல்லும் சோதனைக்குக் கருவியே வேண்டாம், தாராளமாகச் செய்தார். பொய்ப்பல் உண்டா என்றதற்கு முதலில் இல்லையென்றவர், வாய்க்குள் டார்ச் போனதும் மேல்வரிசைப் பகுதிச் செட்டைக் கழற்றினார். ஆடும் பல்லைக் கண்ணால் காண முடியாது. செவிலியர் கையுறை போட்டு ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, கீழ் இடது வெட்டுப்பல் ஆடுவதைச் சொன்னார். இடம் வலத்தைத் திரையைப் பார்த்து எழுதவே கூடாது. சில செயலிகள் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். 'நோயாளியின் இடது' என்று செவிலியர் வாயால் சொன்னதைத்தான் பதிய வேண்டும்.

திரை எட்டாத இடம்

இதய ஒலியைத் திரையில் கேட்க முடியாது. 'நெஞ்சு நார்மல்' என்ற ஒற்றை வரிக்கு மதிப்பில்லை. என்ன கேட்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லி ஒருவரைக் கேட்க வைக்க வேண்டும். டாஸி 13.45 என்பதால், உள்ளூர் மருத்துவருக்கு இப்படி எழுதப்பட்டது: 'மார்பெலும்பின் வலது மேற்பக்கத்தில் சிஸ்டாலிக் முணுமுணுப்பு உள்ளதா, கழுத்து வரை பரவுகிறதா, நுரையீரல் அடிப்பகுதியில் கொரகொரப்பு உள்ளதா, காலில் வீக்கம் உள்ளதா?' மறுநாள் பதில் வந்தது: முணுமுணுப்பு உண்டு, மெலிதாகக் கழுத்துவரை.

ஈசிஜியின் படமும் வந்தது. ஆனால் ஃபிளாஷ் வெளிச்சம் தாளில் அடித்து இரண்டு தடங்கள் வெளுத்திருந்தன, ஓரத்திலிருந்த அளவுக்குறி வெட்டுப்பட்டிருந்தது. அது இல்லாமல் மின்னழுத்த உயரத்தை வைத்து இதயத் தடிப்பைச் சொல்ல முடியாது. தாளைச் சமதளத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நான்கு ஓரமும் தெரியும்படி மறுபடம் கேட்கப்பட்டது.

எக்கோ பொள்ளாச்சியில், அறுவைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு எடுக்கப்பட்டது. பெருந்தமனி வால்வில் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர்: லேசான குறுக்கம். இதயச் சுருக்கத்திறன் 60%. அறுவைக்குத் தடையில்லை. இதே முணுமுணுப்பு அறுவை நாள் காலையில் காதில் விழுந்திருந்தால், எக்கோ எடுக்கும்வரை அறுவை அரங்கு காத்திருந்திருக்கும், அல்லது நாளே தள்ளிப்போயிருக்கும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1, 8.5-க்குக் கீழே இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மாத்திரை அட்டைகள்

பரிந்துரைச் சீட்டில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டன், அம்லோடிபின். 'வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் மேசையில் பரப்புங்க, மருந்துப் பெட்டியையே கொண்டு வாங்க' என்றதும் ஐந்தாவதாக ஒன்று வந்தது: டபாகிளிஃப்லோசின் 10 மி.கி. இந்த வகை மாத்திரையை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். எர்டுகிளிஃப்லோசின் என்றால் நான்கு நாள். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து இது. பட்டினியும் அறுவையின் அழுத்தமும் சேரும்போது, ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே, கொழுப்பு எரிவதில் உண்டாகும் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகலாம். குளுக்கோமீட்டரை மட்டும் நம்பினால் தெரியாது.

அறிவுரை தெளிவாகவே இருந்தது. டபாகிளிஃப்லோசின் ஞாயிற்றுக்கிழமை கடைசி; டெல்மிசார்டன் புதன் காலை கடைசி; மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் வியாழன் காலை வேண்டாம்; அம்லோடிபின் வியாழன் காலையும் ஒரு மடக்கு நீரில். செவிலியர் டபாகிளிஃப்லோசின் அட்டையின் பின்புறம் பேனாவால் பெருக்கல் குறி போட்டார். திருப்பிச் சொல்லச் சொன்னபோது நோயாளி பிழையில்லாமல் சொன்னார்.

புதன்கிழமை

அனுமதியானதும் சர்க்கரை 172. பயப்படும் எண் அல்ல. இவ்வகை மாத்திரை எடுத்தவர்களுக்குக் கட்டாயமாக வைத்திருந்த விரல்நுனிக் கீட்டோன் சோதனையில் 1.7 மில்லிமோல். இயல்பு 0.6-க்குக் கீழ், 1.5-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. சிரை ரத்தத்தில் அமிலத்தன்மைக் குறியீடு 7.36, பைகார்பனேட் 21.

பையைத் திறந்து அட்டைகளை எடுத்தபோது விவரம் தெரிந்தது. பெருக்கல் போட்ட அட்டை சனிக்கிழமையிலிருந்து தொடப்படவில்லை. அதற்கு முன்பே, மருந்து தீர்ந்துபோய் வாங்கச் சென்றபோது, தனித்தனி மெட்ஃபார்மினுக்கும் டபாகிளிஃப்லோசினுக்கும் பதிலாக இரண்டும் சேர்ந்த ஒற்றை மாத்திரை தரப்பட்டிருந்தது. 'மெட்ஃபார்மின் புதன் ராத்திரி வரைக்கும் போடலாம்' என்ற அறிவுரையை மனதில் வைத்து, அந்தக் கூட்டு மாத்திரையைப் புதன் காலைவரை போட்டிருக்கிறார். பேரளவில் சொன்னபடியே நடந்துகொண்டவர் அவர். இதற்கு மேல், எண்ணெய் சாப்பிட்டால் வலி வரும் என்று பயந்து ஒரு வாரமாகக் கஞ்சி மட்டும் குடித்திருந்தார். உணவு குறைந்ததும் கீட்டோனுக்குத் துணை.

குளுக்கோஸ் நீருடன் இன்சுலின் கொடுத்து, மாலையில் இட்லி சாப்பிட வைத்ததும் கீட்டோன் 0.9-க்கு வந்தது, வியாழன் காலை 0.4. எண் இறங்கிவிட்டதே, அறுவையை அன்றே முடிக்கலாமே என்ற வாதம் எழும். மருந்தின் விளைவு உடலில் இன்னும் இருக்கும்போது பட்டினியும் லேப்ராஸ்கோப்பியும் சேர்ந்தால் மீண்டும் ஏறும். அவசரமற்ற அறுவைக்கு அந்தத் துணிவு தேவையில்லை. கடைசி மாத்திரை புதன் காலை என்பதால் திங்கள் குறிக்கப்பட்டது. மலையேறி மறுபடி இறங்குவதைத் தவிர்த்துப் பொள்ளாச்சியில் உறவினர் வீட்டில் தங்கினார்.

அறுவையும் இரவும்

திங்கள் காலை படுக்கையருகே பார்த்ததில் மல்லம்பட்டி நான்கு. காணொளியில் மூன்று என்று பதிவானது. வேறுபாடு ஆபத்தான திசையில்தான் இருந்தது. ஆனால் கழுத்து அளவு, குறட்டை, பருமன் எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பைத் தயாராக வைக்கும் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்ததால் திட்டம் மாறவில்லை. காணொளி மதிப்பீட்டில் ஐயம் வரும் இடத்தில் எல்லாம் ஒரு படி மோசமானதாகக் கொண்டு திட்டமிடுவது நல்லது.

காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்முனையும் ஒரே கிடைக்கோட்டில் வரும்படி தோளுக்கும் தலைக்கும் கீழே துணியடுக்கு; தலைப்பக்கம் 25 பாகை உயர்த்திய நிலையில் முழு ஆக்ஸிஜன்; முதல் முயற்சியிலேயே குழாய் ஏறியது. ஆடும் பல் தொடப்படவில்லை. வலிக்குப் பாராசிட்டமாலும் துளைத்த இடங்களில் மரப்பூசியும் முதன்மை. ஓபியாய்டு எனும் மார்ஃபின் வகை வலிமருந்து மிகக் குறைவு. தசைத் தளர்த்தி முழுதும் நீங்கியதற்கு அடையாளமாக நரம்புத் தூண்டலில் 0.9 என்ற விகிதத்தைக் கண்ட பிறகே குழாய் எடுக்கப்பட்டது. இரவு முழுக்கத் தலை உயர்த்தி, தொடர் ஆக்ஸிஜன் கண்காணிப்பில் படுக்கை. மறுநாள் சாப்பாடு சீரான பின்னரே டபாகிளிஃப்லோசின் திரும்பத் தொடங்க அனுமதி, அதுவும் எழுத்தில்.

இரண்டாவது அழைப்பு

முதல் காணொளியில் எதுவும் விடுபடவில்லை. விடுபட்டது அதற்கும் அறுவைக்கும் இடைப்பட்ட பதினாறு நாள். மருந்துக்கடை மாற்றிக்கொடுக்கும், வேறு மருத்துவர் ஒன்றைச் சேர்ப்பார், சளி பிடிக்கும், சாப்பாடு மாறும். எனவே முன்பரிசோதனையை ஒரே அழைப்பாக வைக்கக் கூடாது. இரண்டாவது அழைப்பு ஐந்து நிமிடம்தான். அதன் நாளை மருந்துதான் முடிவுசெய்கிறது. இந்த நோயாளிக்குச் சனி அல்லது ஞாயிறு. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் என்றால் ஐந்து நாள் நிறுத்தத்துக்கு முன்னால். குளோபிடோகிரெல் என்றால் ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்தத்துக்கு முன்னால், அதுவும் இதய மருத்துவரைக் கேட்ட பிறகு. 'மாத்திரையெல்லாம் நிறுத்திட்டீங்களா?' என்று கேட்டால் 'ஆமா' என்றுதான் பதில் வரும். 'இன்னைக்குக் காலையில் போட்ட அட்டையை எடுத்துக் கேமராவுக்கு நேரா காட்டுங்க' என்று சொல்லி, அட்டையின் பின்புறமுள்ள சேர்மானத்தை மருத்துவரோ செவிலியரோ வாசிக்க வேண்டும். வணிகப் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. கூட்டு மாத்திரைகளின் உள்ளடக்கம் சிறிய எழுத்தில் அங்கேதான் இருக்கும். பிறகு நான்கு கேள்விகள்: காய்ச்சலோ இருமலோ உண்டா, சாப்பாடு குறைந்ததா, புதிதாக மருந்து சேர்ந்ததா, நாட்டு மருந்தோ சூரணமோ ஏதாவது எடுக்கிறீர்களா. கடைசியாக உணவு நேரம்: திட உணவு ஆறு மணி நேரம் முன்வரை, எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு, வெறும் தண்ணீர் இரண்டு. பால் கலந்த காபி தண்ணீர் கணக்கில் வராது என்பதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.